பீரோவுக்குள் எட்டு ஆண்டெனா

செப்டம்பர் 1, ஞாயிறு

பென்ஷனர் சங்கம் கொடுத்த டைரி எட்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து இதை ஒரு கோப்பாகக் கொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன். பொருள்: வீட்டுக்கு வைஃபை ரூட்டர் கொள்முதல் செய்தல். இதில் எழுதும் நான் பூமிநாதன், விளாங்குடி, மதுரை. அரசுப் பண்டகசாலையில் முப்பத்து நான்கு வருடம் பண்டகக் காப்பாளராக இருந்து, ஓர் ஆணி குறையாமல் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றவன்.

தேவை எழுந்த விதம்: என் மனைவி மங்கையர்க்கரசி ஆறு மாதமாகக் கனடாவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் பாடம் எடுக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி, அவர்களுக்குக் காலை ஒன்பது. பி.லிட்., பி.எட். படித்தவள். முப்பது வருடமாகப் பரணில் கிடந்த படிப்பு. பொழுது போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பாடம் நடப்பது பின்கட்டு அறையில், கிரைண்டர் மேல் லேப்டாப்பை வைத்து. முன்னறையில் பஸ் ஹாரன் கேட்கிறதாம். ரூட்டர் இருப்பதோ முன் ஹாலில், கேபிள்காரர் இலவசமாகக் கொடுத்த சோப்பு டப்பா. நேற்று "வணக்கம் பிள்ளைகளா" என்றவள் அப்படியே திரையில் உறைந்துவிட்டாள். வாய் திறந்தபடி ஐந்து நிமிடம். பதினான்கு பிள்ளைகளும் அதைப் படம் பிடித்துக்கொண்டார்களாம். நான் சிரிக்கவில்லை. சிரித்ததாக அவள் சொல்வது தவறு.

"நல்ல ரூட்டரா ஒண்ணு வாங்கிப் போடுங்க. நான் சம்பாதிச்ச பணத்துல வாங்கிக்கலாம்" என்றாள்.

இந்த இரண்டாவது வாக்கியம் தேவையில்லாதது.

செப்டம்பர் 3, செவ்வாய்

கள ஆய்வு. வரைபடத் தாளில் வீட்டை வரைந்து, செல்போனைக் கையில் ஏந்தி அறை அறையாக வைஃபை சிக்னல் பார்த்து நடந்தேன். ஹால்: நான்கு கோடு. என் ஆபீஸ் ரூம்: நான்கு. சமையலறை: இரண்டு. பின்கட்டு: ஒன்று, அதுவும் மூச்சு வாங்கும் ஒன்று. குளியலறையில் மூன்று. ஏன் என்று தெரியவில்லை, ஆனால் உள்ளதை உள்ளபடி குறித்திருக்கிறேன்.

செல்போன் டேட்டாவில் நடத்தலாமே என்றால், எங்கள் தெருவில் பேசத்தான் முடியும், படம் ஓடாது.

"என்னங்க, போனைத் தூக்கிக்கிட்டு வீடு பூராம் சாம்பிராணி போடுற மாதிரி சுத்துறீங்க?" என்றாள். ஆய்வின்போது பேசுவதில்லை.

செப்டம்பர் 4, புதன்

முருங்கைக்காய் சாம்பார். வேறு விசேஷமில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பாடத்துக்கு உட்கார்ந்தாள். இருபதாவது நிமிடம் அறுந்தது. பிள்ளைகள் போன பிறகு ஒருங்கிணைப்பாளர் அம்மா ஷாமினி, யாழ்ப்பாணத்துக்காரர், போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை.

"மங்கை மிஸ், உங்கட படிப்பிப்பு எங்களுக்கு நல்ல விருப்பம். ஆனா படம் நிண்டு நிண்டு போகுது. பிள்ளையள் எழும்பிப் போகினம். விஜயதசமி அண்டைக்குத் தாய் தகப்பன் எல்லாரும் பாக்க ஒரு வகுப்பு வைக்கிறம். அது ஒழுங்கா நடந்தா நீங்கள் நிரந்தரம், பெரிய வகுப்பு உங்களுக்குத்தான். அதுவும் நிண்டுட்டுது எண்டா... நான் ஒண்டும் செய்யேலாது."

அக்டோபர் 12. ஐந்து வாரம் இருக்கிறது. தாராளம். ஐந்து வாரத்தில் நான் ஒரு ரோடு ரோலரே கொள்முதல் செய்திருக்கிறேன்.

மங்கை கொழுக்கட்டையைத் தொடவில்லை. "அம்பத்தாறு வயசுல ஒரு வேலை நிரந்தரம்னு சொல்றாங்க. என்னைய நம்பி ஒருத்தர் இப்பிடிச் சொல்றது இதான் முதல் தடவை. இது போச்சுன்னா அவ்வளவுதாங்க" என்றாள்.

நான் நான்கு கொழுக்கட்டை சாப்பிட்டேன். வெல்லம் சற்றுத் தூக்கல்.

செப்டம்பர் 10, செவ்வாய்

விலைப்புள்ளி மூன்று இல்லாமல் நான் பேனா கூட வாங்கியதில்லை. டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடை, சிம்மக்கல்லில் ஒரு கடை, மூன்றாவது ஆன்லைன். முதல் கடைக்காரன் "லெட்டர்பேடுல கொட்டேஷனா? எடுத்தா எடுங்க சார், இல்லாட்டி ஆளை விடுங்க" என்றான். நீக்கப்பட்டது. இப்போது இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதற்காகக் கீழமாசி வீதி வரை அலைந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

ஒப்பீட்டுப் பட்டியல் தயார். பத்தொன்பது கலம். நிறம், உயரம், எடை, ஆண்டெனா எண்ணிக்கை, உத்தரவாதம், அட்டைப் பெட்டியின் தரம். வேகம் என்று ஒரு கலம் போடவில்லை. எல்லாருமே வேகம் என்கிறார்கள், அதை எப்படிச் சரிபார்ப்பது?

பூனாவிலிருந்து மகள் வெண்ணிலா போன் செய்தாள். "அப்பா, அம்மா அழாத குறையா பேசுறாங்க. டூயல் பேண்ட் ரூட்டர் ஒண்ணை வாங்கி வீட்டுக்கு நடுவுல வைங்க. சுவர் தடுத்தா மெஷ்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பெட்டியா வரும், ஒண்ணைப் பின்கட்டுக்குப் பக்கத்துல வச்சிடலாம். அரை மணி நேர வேலைப்பா."

"ஒரு வேலைக்கு ரெண்டு பெட்டியா? தணிக்கையில மாட்டிக்குவேம்மா."

"யாருப்பா தணிக்கை பண்ணப் போறா?"

இந்தத் தலைமுறைக்கு அந்தப் பயமே இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

கொள்முதல் நிறைவேறியது. சிம்மக்கல் கடை, முபாரக் என்பவர். தராசு கேட்டு வாங்கி மூன்று மாடலையும் நிறுத்துப் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். இருப்பதிலேயே கனமானதைத் தேர்ந்தெடுத்தேன். எட்டு ஆண்டெனா. கருப்பு. பார்த்தால் கவிழ்த்துப் போட்ட நட்டுவாக்காலி மாதிரி இருக்கிறது. பண்டகசாலையில் நான் கற்றது: கனமான பொருள் ஏமாற்றாது.

முபாரக் பெட்டியைக் கட்டும்போது, "சார், உசரமா, திறந்தாப்புல வைங்க. முக்கியமா..." என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ரசீதில் சீரியல் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடைசியில் "சரியா சார்?" என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைப் பெயிண்டால் அடிப்பக்கம் பொருள் எண் எழுதினேன்.

மங்கை பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "அடேயப்பா, எட்டுக் கொம்பா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். இன்றே மாட்டச் சொன்னாள். இருப்பிடம் முடிவாகவில்லை என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மங்கை திருமங்கலத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். இருப்பிடம் முடிவானது.

ஹாலில் வைத்தால் தூசி, பல்லி, வருகிறவன் போகிறவன் கண். ஹால் நடுச்சுவரில் உள்ள அலமாரித் தட்டு பொருத்தமானதுதான், ஆனால் அதில் பணி ஓய்வின்போது எனக்குக் கொடுத்த கேடயம் இருக்கிறது. மதிப்புள்ள பொருள் பூட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது என் வாழ்நாள் விதி. ஆகவே ஆபீஸ் ரூமில் உள்ள இரும்பு பீரோ. முதுகில் துளையிட்டு ஒயரை உள்ளே இழுத்தேன். இரண்டாம் தட்டு. கொம்புகள் இடித்தன. எட்டையும் மடக்கினேன். அடங்கி உட்கார்ந்தது.

ரூட்டரின் அடியில் எழுதிய எண் அழியாமலிருக்க எதையாவது விரிக்க வேண்டியிருந்தது. அந்தத் தட்டில் இருந்த பழைய பழுப்பு உறை ஒன்றையே விரித்தேன். அது என்ன உறை என்பது இந்தக் கோப்புக்குச் சம்பந்தமில்லாதது.

பீரோவைப் பூட்டிச் சாவியை வழக்கம்போல் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். பழைய ரூட்டர் கழிவு செய்யப்பட்டுப் பரணுக்குப் போனது.

மங்கை வந்து பார்த்தாள். "பீரோவுக்குள்ளயா வச்சீங்க? அதுக்குக் காத்து வேணாமா?"

"நகைக்குக் காத்து விட்டா வச்சிருக்கோம்?"

அவளுக்கும் இதில் ஒன்றும் தெரியாது, விட்டுவிட்டாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மறு ஆய்வு. ஹால்: ஒன்று. சமையலறை: இல்லை. பின்கட்டு: இல்லை. குளியலறை: இல்லை. ஆபீஸ் ரூமில், பீரோவில் காதை வைத்து நின்றால்: இரண்டு.

கம்பெனி ஏமாற்றிவிட்டது. எட்டுப் பக்கப் புகார்க் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 28, சனி

வகுப்பு முதல் நிமிடத்திலேயே அறுந்தது. மங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்கட்டிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால், ஹாலிலிருந்து என் ஆபீஸ் ரூம் வாசல் வரை வந்துவிட்டாள். வாசலில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்காலில் லேப்டாப்பை வைத்துப் பாடம் எடுத்தாள். நான் உள்ளே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை, "மிஸ், பின்னால பேப்பர் படிக்கிற அங்கிள் யார்?" என்று கேட்டது.

"பழைய ரூட்டரையாவது இறக்கிக் குடுங்க" என்றாள் பிறகு. கழிவு செய்த பொருளைத் திரும்ப உபயோகத்துக்கு எடுக்க விதி இல்லை என்று விளக்கினேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அரிசி களையப் போனாள்.

அவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று புரியவில்லை. சாப்பாட்டுக்குக் குறைவா, துணிமணிக்குக் குறைவா? பதினான்கு பிள்ளைகள் மிஸ் மிஸ் என்று கூப்பிட்டால் ஆளுக்குத் தலைகால் புரிவதில்லை. என்னை இப்போதெல்லாம் சார் என்று கூப்பிடுவது கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் ஒருவர்தான். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

மங்கை பீரோவைச் சுற்றி எலுமிச்சம்பழம் சுற்றித் தெருவில் போட்டாள். மாற்றமில்லை.

அக்டோபர் 5, சனி

புகார் கொடுத்ததன் பேரில் காலையில் இணைய இணைப்புக் கம்பெனியிலிருந்து செபாஸ்தியன் என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மங்கை காய்கறிக்குப் போயிருந்தாள். ஒயரைத் தடவிக்கொண்டே ஆபீஸ் ரூமுக்கு வந்தவர் பீரோ முன்னால் நின்றார்.

"ரூட்டர் எங்க சார்?"

காட்டினேன்.

"உள்ளயா?" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரென்று பட்டது. "சார், இது பூராம் இரும்பு. சிக்னல் எப்பிடி வெளிய வரும்? எட்டுக் கொம்பு இல்ல, எம்பது கொம்பு வச்சாலும் வராது. பதினாறு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், பீரோவுக்குள்ள பூட்டி வச்ச மகராசனை இன்னைக்குத்தான் பாக்குறேன். வெளிய எடுத்து அந்த ஹால் தட்டுல வைங்க, கொம்பை நிமித்தி விடுங்க. பின்கட்டு வரைக்கும் பிச்சுக்கிட்டுப் போகும். ரெண்டு நிமிச வேலை, நானே வச்சுத் தரவா?"

வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மங்கை கூடையோடு வந்ததும், "என்ன சொன்னாரு?" என்றாள்.

"கம்பெனி சைடுல ஏதோ பிரச்சினையாம்" என்றேன்.

குறிப்பு: இருப்பிட மாற்றம் பரிசீலனையில் உள்ளது.

சாயங்காலம் மழை. வகுப்பு நடக்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

இரண்டு நிமிட வேலை என்கிறார் அந்த ஆள். எடுத்து வைக்க எனக்குத் தெரியாதா? ஒரு முடிவை எடுத்துவிட்டு அதை உடனே மாற்றினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? வீட்டில் இருப்பது இரண்டே பேர் என்பது வேறு விஷயம்.

சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அந்த உறையைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது. தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஜூன் மாதம் தபாலில் வந்தது. திருமதி மங்கையர்க்கரசி, தமிழாசிரியர் பணிக்கு நேர்முக அழைப்பு, கமுதிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அப்போது வெண்ணிலாவுக்கு எட்டு மாதம். கைக்குழந்தையோடு கமுதிக்கு எப்படிப் போவாள்? இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று பீரோவில் வைத்தேன். இரண்டு நாள் ஒரு வாரம் ஆனது. தேதி போய்விட்டது. போன தேதியைச் சொல்லி என்ன பயன் என்று பூட்டிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. பெரிய குற்றம் போல இதை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

கிழித்துப் போட்டிருக்கலாமே என்றால், அரசு முத்திரை உள்ள காகிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது.

இப்போது அதன் மேல்தான் ரூட்டர் உட்கார்ந்திருக்கிறது. வேறு இடத்துக்கு மாற்றினால் கண்ணில் படும். அங்கேயே இருக்கட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. புத்தகத்தோடு லேப்டாப்பையும் அடுக்கிவிட்டு, "ரூட்டரையும் எடுத்துக் குடுங்க, ஒரு பொட்டு வைக்கணும். நாளைக்கு அதை நம்பித்தானே இருக்கேன்" என்றாள்.

பூட்டிய பொருளை அடிக்கடி எடுக்கக் கூடாது, பீரோவுக்கே வைத்துவிடு என்றேன். இரண்டு கதவிலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கைப்பிடியில் செவ்வந்திச் சரம் கட்டினாள். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டாள். நெடு நேரம். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. பீரோவுக்கு இவ்வளவு மரியாதை இந்த வீட்டில் நடந்ததில்லை.

சுண்டலை ஒரு வாய்க்கு மேல் தின்னவில்லை. உப்புக் கூட என்று சொல்லி வைத்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 12, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இன்று பென்ஷனர் சங்கத்தின் ஆண்டு விழா. அறுபத்தைந்து முடித்தவர்களுக்குச் சால்வை. அரசரடியில், சாயங்காலம் ஐந்தரை. "இன்னைக்கு மட்டும் வீட்டுல இருங்களேன்" என்றாள் மங்கை. அழைப்பிதழில் பெயர் அச்சாகிவிட்டது என்றேன். வாசலில் நின்று, "சாவியையாவது வச்சுட்டுப் போங்க" என்றாள். காதில் விழாத மாதிரி ஆட்டோவில் ஏறினேன்.

மேடையில் ஏழாவது நாற்காலி எனக்கு. தலைவர் நாகசுந்தரம் பேசிக்கொண்டே இருந்தார். ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது.

"என்னங்க, படம் நின்னு போச்சு." மூச்சு வாங்கியது. தெருவில் நின்று பேசுகிறாள், ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. "பெத்தவங்க எல்லாம் உக்காந்து பாத்துக்கிருக்காங்க. ஷாமினி பத்து நிமிசம் பொறுக்குறேன்னு சொல்லியிருக்கு. நான் அந்த ரூட்டரை வெளிய எடுத்துப் பாக்குறேன். பீரோ சாவி எங்க?"

"இடுப்புல."

"இன்னொரு சாவி இருக்குல்ல? பீரோ வாங்குறப்ப ரெண்டு குடுத்தான்ல?"

மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் முழங்கையால் இடித்தார்.

"ஹலோ, கேக்குதா? ஹலோ?"

"கேக்குது."

"அது இல்லைன்னா எனக்கு எல்லாம் போச்சுங்க. எங்க இருக்கு, சொல்லுங்க."

இல்லை, தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். இத்தனை வருடமும் நான் சொன்னதையெல்லாம் நம்பியவள். நேற்று அந்த இரும்புக் கதவின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

"நம்ம கல்யாண போட்டோவுக்குப் பின்னாடி. டேப் போட்டு ஒட்டியிருக்கு" என்றேன். "எடுத்து ஹால் தட்டுல வை. என் கேடயத்தைத் தூக்கிக் கீழ போடு. எட்டுக் கொம்பையும் நிமித்தி விடு. அந்த ஒயர் நீளம்தான், வரும்."

"ஹால் தட்டுலயா? உங்களுக்கு எப்பிடி..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் போனை வைத்துவிட்டாள்.

சால்வை போட்டார்கள். யார் போட்டது என்று நினைவில்லை. சாப்பாட்டுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தேன்.

வீடு ஏழேகாலுக்கு. பீரோ இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது, பூச்சரம் அறுந்து தரையில். ஹால் தட்டில் ரூட்டர் எட்டுக் கொம்பையும் தூக்கிக்கொண்டு பச்சை விளக்கோடு நின்றது. பின்கட்டிலிருந்து சத்தம். காய்கறிக் கடை விளையாட்டு வைத்திருந்தாள். ஒரு பிள்ளை, "அம்மா, கத்தரிக்காய் விலை கூட, குறைச்சுத் தாங்கோ" என்றது. மங்கை, "மூணு கடையில விசாரிச்சுட்டு வந்தீங்களா?" என்றாள். பெரியவர்கள் பலர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை கூட அறுபடவில்லை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் அந்தப் பழுப்பு உறை. பிரித்திருந்தது. காகிதத்தை மடிப்பு நீவி, மேலே தம்ளர் வைத்திருந்தாள்.

படித்துவிட்டுத்தான் போய்ப் பாடம் எடுத்திருக்கிறாள்.

எட்டு மணிக்கு வந்தாள். "நிரந்தரம்னு சொல்லிட்டாங்க" என்றாள். நான் ஏதோ சொல்ல எழுந்தேன். கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"இதுக்கப்புறம் நாலு தடவை என்னைய ஸ்கூட்டர்ல வச்சு வேலைவாய்ப்பு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனீங்க, பதிவைப் புதுப்பிக்க. ஒரு தடவை வெயில்ல மயக்கம் வந்துருச்சு. இளநி வாங்கிக் குடுத்தீங்க. கவலைப்படாத மங்கை, கண்டிப்பா கார்டு வரும்னு சொன்னீங்க." காகிதத்தின் மடிப்பை மறுபடி நீவினாள். "அந்த இளநிய நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல. எவ்வளவு நல்ல மனுசன்னு எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்."

அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். தம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் இட்லித் தட்டோடு ஒரு தாளும் வந்தது. முத்து முத்தான எழுத்து.

"குறிப்பாணை. பெறுநர்: திரு. பூமிநாதன், பண்டகக் காப்பாளர் (ஓய்வு). என் பெயருக்கு வந்த தபால் முப்பத்தொரு வருடமாக என்னிடம் சேர்க்கப்படாதது ஏன் என்பதற்குத் தன்னிலை விளக்கம் எழுத்து மூலம் அளிக்கவும். இப்படிக்கு, ம. மங்கையர்க்கரசி, தமிழாசிரியர்."

"உங்க பாஷையிலயே கேட்டிருக்கேன். வாயால சொன்னா வழுக்கிருவீங்க" என்றாள். பிறகு கையை நீட்டினாள். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. முடிச்சு பழையது.

அக்டோபர் 14, திங்கள்

விளக்கம் சமர்ப்பித்தேன், இரண்டு பக்கம். "பணி நெருக்கடி காரணமாக ஏற்பட்ட கவனக் குறைவால்" என்று தொடங்கி. சாயங்காலம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "கவனக் குறைவு" வட்டமிடப்பட்டிருந்தது. ஓரத்தில்: "அந்த மாதம் நீங்கள் பதினைந்து நாள் லீவில் இருந்தீர்கள். பொய். மீண்டும் எழுதுக."

அக்டோபர் 16, புதன்

இரண்டாம் விளக்கம். "கைக்குழந்தையின் நலன் கருதி." திரும்பி வந்தது. "கமுதியில் கூடவே வந்து தங்கி வெண்ணிலாவைப் பார்த்துக்கொள்வதாக என் அக்கா உங்கள் முன்னால்தான் சொன்னாள். பாதிப் பொய். ஒற்றுப் பிழை நான்கு. மீண்டும் எழுதுக."

சாப்பாடு வேளைக்கு வருகிறது. பேச்சு இல்லை. ஆயுள் முழுக்க எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். வாங்கியவனுக்கு எப்படித் தூக்கம் வந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பன்னிரண்டு தாள் கிழித்தேன். பிறகு இதை எழுதிக் கொடுத்தேன்:

"நீ சம்பளம் வாங்க ஆரம்பித்தால் என்னிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்காது என்று பயந்தேன். இப்போதும் அதே பயம்தான். ரூட்டரை வெளியே எடுத்து வைத்தால் போதும் என்று செபாஸ்தியன் விஜயதசமிக்கு ஒரு வாரம் முன்பே சொன்னார். உன்னிடம் மறைத்தேன். காரணம் இரண்டுக்கும் ஒன்றே. வேறு விளக்கம் இல்லை."

அக்டோபர் 19, சனி

காலையில் தாள் மேஜையில் இருந்தது. சிவப்பு மை எங்கும் இல்லை. கீழே, "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை, கையெழுத்து, தேதி. அவ்வளவுதான்.

நாள் பூராவும் பொறுத்துப் பார்த்தேன். ஆறு இருபதுக்கு லேப்டாப்போடு ஹாலைக் கடந்தவளிடம் கேட்டே விட்டேன். "மங்கை, மார்க் எதுவும் போடலையே?"

நின்றாள். ஹால் தட்டில் ரூட்டரின் கொம்பு ஒன்று சாய்ந்திருந்தது, அதை நிமிர்த்தி விட்டாள். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது.

"முப்பத்தொரு வருசம் கழிச்சு வந்த பேப்பரு. திருத்த எனக்கும் டைம் வேணும்ல?" என்றாள்.

பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் செல்போனை எடுத்துக்கொண்டு அந்தக் கதவருகில் போய் நின்று பார்த்தேன். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமும் நான்கு கோடு.